புள்ளி மேடம்

தட்டு சுத்தமாக இருந்தது. ஆய்வக ஜன்னல் வெளிச்சத்தில் அவள் அதை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

மின்சாரச் சூட்டுப் பெட்டிக்குள் இருந்த மற்ற ஏழு தட்டுகளையும் எடுத்துப் பார்த்துவிட்டு, ரிஜிஸ்டரில் ‘இல்லை, இல்லை’ என்று எழுதிக்கொண்டே வந்தாள். ஊற்றி வைத்த தண்ணீரில் கிருமி இருந்தால் தட்டில் புள்ளி புள்ளியாக முளைக்கும். பதினோரு வருஷமாக அந்த மலை ஊற்றுத் தண்ணீரில் அவள் ஒரு புள்ளியையும் கண்டதில்லை. ஆனாலும் பாட்டில் நிரப்புகிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் புள்ளி மேடம்.

போன மாதம் ஊற்றுக்கு மேலே மண் சரிந்து சேறு இறங்கியபோதுகூடத் தட்டு இப்படித்தான் இருந்தது. அன்று முதலாளியே ஆய்வகத்துக்கு வந்து அவளுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

போன் அடித்தது. மகள்.

“அம்மா, பாப்பாவுக்குப் பேதி இன்னும் நிக்கல. விடியறதுக்குள்ள ஆறு தடவ போயிட்டா. ட்ரிப்ஸ் ஏத்த கையில நரம்பு கிடைக்கலைன்னு தலையில குத்தியிருக்காங்க.”

பேத்தி பிறந்து நாற்பத்திரண்டு நாள்தான் ஆகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு நான்காவது நாள். பேத்தியைப் பற்றித்தான் கேட்க நினைத்தாள் புள்ளி மேடம். ஆனால் வாயில் வந்தது வேறு.

“பால் பாட்டிலை எப்படிக் கழுவின?”

“எத்தன தடவைம்மா கேப்ப? கொதிக்கிற தண்ணியில பத்து நிமிஷம் போட்டுத்தான் எடுத்தேன்.”

“ஒழுங்கா போட்டிருந்தா இப்படி ஆகுமா? சின்ன வயசுலேருந்து உனக்கு எதுலதான் பொறுப்பு இருந்திருக்கு?”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“பவுடர் கலக்குற தண்ணியையும் டெஸ்டுக்கு அனுப்பலாமான்னு டாக்டர் கேக்குறாரும்மா. ஏன் கொதிக்க வைக்காம கலக்குனீங்கன்னு திட்டினார்.”

கொதிக்க வைக்க வேண்டாம் என்று சொன்னதே இவள்தான். ‘நான் கையெழுத்துப் போட்ட தண்ணியையா அடுப்புல வைப்ப?’ என்று கோபித்துக்கொண்டு, நான்கு பெட்டி பாட்டிலை மாப்பிள்ளையின் வண்டியில் ஏற்றிவிட்டதும் இவள்தான்.

“நம்ம தண்ணிய டெஸ்டுக்கு அனுப்புறதும் என்னைச் சந்தேகப்படுறதும் ஒண்ணுதான். அந்த வாரத் தட்டையும் நான்தான் பாத்தேன், ஒண்ணுமில்ல. டாக்டர்கிட்ட தண்ணிய விட்டுட்டு வேற எதையாவது பாக்கச் சொல்லு.”

“சரிம்மா, அப்போ தப்பு என்னோடதாத்தான் இருக்கும்.” மகள் வைத்துவிட்டாள்.

புள்ளி மேடத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பச்சை உடம்புக்காரியை, அதுவும் பெற்ற பெண்ணை, இப்படிக் குத்திக் காட்டுவது யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் தட்டு பொய் சொல்லாதே.

வாசலில் லாரியில் லோடு ஏற்றி அனுப்புகிறவர் எட்டிப் பார்த்தார். “மேடம், லாரி ரெடியா நிக்குது. கையெழுத்து ஆச்சுன்னா கிளப்பிடலாம்.”

“ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களே.”

இயற்கைக் கனிம நீர் என்று லேபிளில் போட்டுவிட்டால் குளோரின் கலக்கக் கூடாது என்பது சட்டம். ஊற்றில் வருவது வந்தபடியே பாட்டிலுக்குள் போக வேண்டும். அதனால் இருக்கிற ஒரே காவல் அவளும் இந்தத் தட்டுகளும்தான். சனிக்கிழமை மதியம் பெட்டிக்குள் வைத்தால் திங்கட்கிழமை காலை வரை உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். இந்த மலைக் குளிரில் வெளியே கிடந்தால் கிருமிக்கும் கைகால் விறைத்துப்போய் ஒன்றும் முளைக்காது. பெட்டியின் முகப்பைப் பார்த்தாள். முப்பத்தேழு டிகிரி. எந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தாலும் அது முப்பத்தேழுதான்.

கையெழுத்துப் போட்டாள். நேரம் எழுத நிமிர்ந்து பார்த்தால், பிளக்கில் சொருகிய அந்தப் பழைய சுவர்க் கடிகாரம் வழக்கம்போலப் பத்து நிமிஷம் பின்னால் இருந்தது. எரிச்சலோடு செல்போனைப் பார்த்து எழுதிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் லாரி வாசலைத் தாண்டி இறக்கத்தில் இறங்கும் சத்தம் கேட்டது.

இரவுக் காவலாளி வீட்டுக்குப் போகும் முன் சாவியை மாட்ட வந்தார். ஓர் இரவுகூட வேலைக்கு மட்டம் போடாத மனிதர்.

“அண்ணே, அந்த ஸ்டூல்ல ஏறி முள்ளை நகத்தி விட்டுட்டுப் போங்க. வாரம் பூரா ஒழுங்கா ஓடுது, திங்கக்கிழமை வந்தா மட்டும் இதுக்கு என்னதான் வருதோ. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கச் சொல்லணும்.”

அவர் ஏறி முள்ளைத் திருப்பினார். “கடிகாரத்து மேல பழி போடாதீங்க மேடம். தப்பு என்னோடது. இன்னைக்கும் காலைல பத்து நிமிஷம் அசந்துட்டேன்.”

“நீங்க அசந்ததுக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“முதலாளி சொல்லியிருக்கிற மாதிரி, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கட்டடத்துக்கே கரண்ட் மெயினை அணைச்சா முள்ளும் ஆறுலயே நின்னுடுது, திங்கக்கிழமை காலைல சரியா ஆறு மணிக்குத்தானே மேடம் திரும்பப் போடணும்.”