கடைசி பெஞ்சு

அந்த மலையூரில் மிச்சமிருந்தது ஐந்து பேர். அவர்களில் ஓன்னா மேல்வீட்டில் மூச்சுத் திணறிக் கிடந்தாள். மருத்துவ வண்டி மேலே ஏற வேண்டுமானால் ஊர் இயந்திரத்தை ஓட்டிப் பாதையில் பனி அள்ள வேண்டும். அதற்கு ஊர்க்கூட்டம் கை தூக்கிச் சம்மதிக்க வேண்டும்.

முன்பொரு குளிர்காலத்தில் தனிக்கட்டையான பார்லாவும் நோயில் கிடந்து இதையே கேட்டாள். "ஒரு கிழவிக்காக டீசலைக் கொளுத்தணுமா?" என்று சிரித்தபடி, எதிராக முதல் கையைத் தூக்கியவன் ஓன்னாவின் கணவன் கியேரி. பனி உருகிய பிறகுதான் பார்லாவைப் புதைக்க முடிந்தது.

"கியேரி வீட்டுக்குப் பாதை போடலாம்ங்கிறவங்க?" என்றார் தலைவர் குர்டின். வந்திருந்த நால்வரும் கை தூக்கினார்கள்.

"வேணாம்ங்கிறவங்க?"

வழக்கத்துக்காகத்தான் கேட்டார். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"யாரண்ணே எண்ணுறீங்க? எல்லாரும் இங்கதானே இருக்கோம்!" என்றான் கியேரி.

"வேணாம்ங்கிறவங்கதான் அதிகம்ப்பா."

கியேரி திரும்பினான். ஊர் புதைத்தவர்கள் எல்லாம் கை தூக்கி உட்கார்ந்திருந்தார்கள். பார்லா சற்று நகர்ந்து இடம் விட்டாள். கதவைத் திறந்துகொண்டு ஓன்னா வெறுங்காலோடு வந்தாள். அவனைப் பார்க்காமல் அங்கே போய் உட்கார்ந்து, கையைத் தூக்கினாள்.