ஏழாம் தொட்டியில் ஆக்டோபஸ்

"கொஞ்சம் பொறுமையாப் பார்க்கணும் மேடம். அதுக்குக் கூச்ச சுபாவம்," என்றார் மீன் காட்சியகத்தின் இயக்குநர், சொந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

நிர்வாகக் குழுத் தலைவி ஏழாம் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார். கண்ணாடியில் ஓர் அட்டை: 'ஆக்டோபஸ். ஒளிந்திருக்கும். பொறுமையாகத் தேடவும்.'

வாளியும் துடைப்புத் துணியுமாக ஓரத்தில் நின்றாள் தொட்டிக்காரம்மா. இரண்டு வருடமாகத் தீனி போட்டு வளர்த்த தொட்டி. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று அதைத் தூக்கிவிட்டு, தன் வரவேற்புரை நாள் முழுக்க ஓடும் திரையை அங்கே வைக்க இயக்குநர் நினைத்திருந்தார். அட்டை வந்த பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. தொட்டிகள் பக்கம் அதிகம் வராத இயக்குநர், ஆக்டோபஸ் தன் யோசனைதான் என்று பேட்டியும் கொடுத்துவிட்டார். இருந்தாலும் இன்று தலைவி வேண்டாமென்றால் வரவேற்புரைதான்.

தலைவி தேடிக்கொண்டே இருந்தார். இயக்குநரால் சும்மா இருக்க முடியவில்லை. நேற்றுகூட அது தன்னை அடையாளம் கண்டு, கண்ணாடியோரம் வந்து கை கொடுத்ததாம். எந்தக் கை என்று கேட்டார் தலைவி.

"வலது பக்கம் மூணாவது," என்றார் இயக்குநர், சற்றும் யோசிக்காமல்.

"இருங்க. அந்தக் கல்லு நடக்குது," என்றார் தலைவி.

கல் இல்லை. முதுகெல்லாம் பாசி அப்பிய, உள்ளங்கைக்குள் அடங்குகிற நண்டு. பக்கத்தில் அது கழற்றிப்போட்ட பழைய ஓடு. பழைய சட்டையின் பொத்தான்களைப் பிடுங்கிப் புதுச் சட்டையில் தைக்கிறவர் மாதிரி, அந்த ஓட்டிலிருந்து பாசியை ஒவ்வொன்றாகப் பிய்த்து, நுனியை மென்று, புது முதுகில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒன்று சரியாக உட்காரவில்லை. எடுத்து இடம் மாற்றி வைத்தது.

தலைவி பட்டுப்புடவையோ கைப்பையோ எதுவும் நினைவில்லாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இயக்குநர் இரண்டு முறை கனைத்துப் பார்த்தார்.

"அது வெறும் நண்டு மேடம். ஆக்டோபஸ் அந்த மூலையில..."

"நீங்க போய் டீ சொல்லுங்க. வந்துடறேன்."

அவர் போனதும், தலைவி தொட்டிக்காரம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தொட்டி இங்கேயே இருக்கட்டும்னு எழுதிடறேன். அட்டையில உன் கையெழுத்தா? அழகா இருக்கு. எடுத்துடாதே."

தொட்டிக்காரம்மா துணியை வாளியில் முக்கிப் பிழிய ஆரம்பித்தாள்.

"எங்கப்பா கடல்ல ஆக்டோபஸ் பிடிக்கிறவரு. தூண்டில்ல நண்டைத்தான் கட்டுவாரு. கண்ணுல பட்டா ஒரே வாய், ஆக்டோபஸ் விட்டு வைக்காது," என்ற தலைவி, முதுகை அலங்கரித்துக்கொண்டிருந்த நண்டிடமிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "இது இங்கே முழுசா உட்கார்ந்திருக்கு. அப்போ நேத்து உங்க சாருக்குக் கை கொடுத்தது யாரும்மா?"