ஒரு கிண்ணத்துக்குச் சாம்பல்

"மெதுவா வழிங்கன்னா! பறக்குது பாருங்க. ஒரு பிடிகூடக் கீழே சிந்தக் கூடாது."

டொமிகோ போட்ட அதட்டலில் அவள் கணவர் கென்ஸோ தும்மலை அடக்கிக்கொண்டார்.

"ககோஷிமா ஊரே எரிமலை கக்குற சாம்பலை மஞ்சள் பையில கட்டி, தொலைஞ்சாப் போதும்னு மாநகராட்சி வண்டியில ஏத்துது. நீ என்னடான்னா தம்பி காரை வழிச்சு டப்பாவுல போடுறே!"

"வண்டியில போனதும் இதுவும் ஒண்ணா? இது மிஹோ கண்ணை மூடின அன்னிக்கு விழுந்த சாம்பல். வேற எங்கேயும் மிச்சமில்லை."

மிஹோ, டொமிகோவின் தம்பி மசாருவின் மனைவி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. மத்தியானம் சமையலறையில் விழுந்தவள் எழவேயில்லை. அன்று முற்றத்தில் நின்ற காரை, தகனம் முடிந்து வந்ததும் மசாரு கொட்டகைக்குள் தள்ளிவிட்டான். அப்புறம் எங்கே போனாலும் சைக்கிள்தான். இப்போது அஸ்தியில் பாதியை எடுத்துக்கொண்டு மிஹோவின் தாய்வீட்டுக்குப் போயிருந்தான். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குத்தான் வருவான்.

"சாவி கொடுக்கும்போது, கார் அப்படியே இருக்கட்டும்னு சொன்னானே டொமிகோ?"

"துக்கத்துல இருக்கிறவன் ஆயிரம் சொல்லுவான். அதையெல்லாம் கேட்டா வீடு உருப்படுமா?" என்றவளின் குரல் சட்டென்று இறங்கியது. "'அக்கா, நம்ம மலைச் சாம்பல் பூசி எனக்கும் ஒரு கிண்ணம் செஞ்சு தாங்கக்கா'ன்னு எத்தனை தடவை கேட்டா! ஊருக்கெல்லாம் சூளை மூட்டினேன். அவ கேட்டா மட்டும் 'பார்க்கலாம், பார்க்கலாம்'. டோக்கியோக்காரிக்கு மண் கிண்ணத்தோட அருமை என்ன தெரியும்னு ஒரு இளக்காரம். பாவி நான். அந்தச் சடங்குக்காவது அவ படத்து முன்னால வைக்கணும்ங்க."

கென்ஸோ மறுபடியும் குனிந்து வழிக்கத் தொடங்கினார். கூரை, முன்பக்கம் எல்லாம் வழித்தும் டப்பா பாதிதான் நிறைந்தது.

"பத்தாது. பின்கண்ணாடியையும் வழிங்க."

பின்பக்கம் போனவர் சிரித்துவிட்டார். "இங்க வந்து பாரேன். விரலால ஒரு பூனை மூஞ்சி. மீசை வேற! கீழே, 'ஏ சோம்பேறி, என்னைக் குளிப்பாட்டு'ன்னு எழுதியிருக்கு."

"சாம்பல் படிஞ்ச காரைப் பார்த்தா இந்தத் தெருப் பிள்ளைங்களுக்குக் கை சும்மா இருக்காதே! வழிங்க, வழிங்க."

பூனை மீசையோடு டப்பாவுக்குள் விழுந்தது. இவ்வளவு செய்தாயிற்று, இதை மட்டும் விடுவானேன் என்று டொமிகோ ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து காரைக் கழுவியும் விட்டாள்.

சாம்பலைச் சலித்து, அரைத்து, கரைத்துக் கிண்ணத்தில் பூசிச் சுட்டாள். கன்னங்கரேலென்ற கருப்பில் அங்கங்கே பொன்துகள் தெறித்தாற்போல வந்திருந்தது. அவள் சூளையில் இதுவரை இப்படி ஒன்று வந்ததில்லை. இதை மிஹோ கையிலேயே கொடுத்திருக்கலாமே என்று சூளையடியில் உட்கார்ந்து அழுதாள்.

மசாரு ரயிலிலிருந்து இறங்கி நேராகச் சடங்கில் வந்து உட்கார்ந்தான். பிக்குவும் உறவினர்களும் போனபிறகு, டொமிகோ அந்தக் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி மிஹோவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா... அவ கேட்டுக்கிட்டே இருந்தாளே, அந்தக் கிண்ணமா?"

"ஆமாண்டா. உயிரோட இருந்தப்போ கொடுக்க எனக்கு மனசு வரலை. அவளை என்னை மன்னிச்சிடச் சொல்லுடா."

மசாரு கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தான். இத்தனை நாளில் முதல்முறையாக அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அவ மட்டும் இருந்திருந்தா தெரு பூரா தூக்கிட்டுப் போய்க் காட்டியிருப்பா. என்னமா மின்னுதுக்கா! எங்க கிடைச்சது இந்தச் சாம்பல்?"

"அவ போன அன்னிக்கு விழுந்ததுடா. உன் கார்மேல இருந்து எடுத்தேன்."

சிரிப்பு நின்றது. தேநீர் கையில் வழிய, செருப்புக்கூடப் போடாமல் அவன் கொட்டகைக்கு ஓடினான். டொமிகோவும் பின்னாலேயே ஓடினாள். கார் பளபளவென்று நின்றது. அவன் பின்கண்ணாடியை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தான்.

"இங்க ஒரு பூனை இருந்ததேக்கா?"

"அதுவா? பிள்ளைங்க ஏதோ கிறுக்கி வச்சிருந்தாங்க..."

"பிள்ளைங்க இல்லைக்கா, மிஹோ. அன்னிக்கு நான் சைக்கிள்ல வேலைக்குப் போனப்புறம் எழுதியிருக்கா. அவளை எரிச்சிட்டு வந்துதான் அதைப் படிச்சேன். அவ என்கிட்டே கடைசியாப் பேசினது அதுதான்க்கா."