கொய்யா மரத்தடி வட்டம்

காம்பஸ் இல்லை, நூலும் இல்லை. ஆனாலும் மண்ணில் அச்சாக ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. போட்டது யார், சொல்லுங்கள் பார்க்கலாம்.

சிறுமி ரோஸ்லின் வீட்டுக் கேட் எப்போதும் திறந்தே கிடக்கும். அதனால் நாய் டைகரைக் கொய்யா மரத்தில் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். சங்கிலி எதுவரை எட்டும் என்பது சேவலுக்கு அத்துப்படி. தினமும் ஒரு விரற்கடை தள்ளி நின்றுகொண்டு வம்புக்கு இழுக்கும்.

"பேரு மட்டும் டைகரு. எங்கே, வந்து தொடு பார்ப்போம்."

அன்று அதன் குஞ்சும் கூட வந்தது. அது டைகரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தது. சுற்றிலும் புல். நடுவே புல்லே முளைக்காத, வழவழப்பான வட்டப் பாதை.

"நிலா மாதிரி இருக்கேப்பா. யாரு போட்டது?"

சேவலுக்குத் தெரியவில்லை.

"நான்தான் குட்டி," என்றது டைகர். "மூணு வருஷமா நடந்து நடந்து."

"மூணு வருஷமா? எங்கே போறதுக்கு?"

"அதோ, அந்த வாசப்படிக்கு. பாப்பா அங்கேதான் உட்காருவா."

படி பத்தடி தூரம்தான்.

குஞ்சு அந்தப் பாதையில் இறங்கி, பிரகாரம் சுற்றுவது போல மெல்ல நடந்தது. டைகர் ஒதுங்கிப் படுத்து வழி விட்டது. படியில் இருந்த ரோஸ்லின் குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது முழுச் சுற்று முடித்தபோது அவள் கண்ணுக்கும் வட்டம் தெரிந்தது. எழுந்து வந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று சேவல் மதில்மேல் ஏறிக்கொண்டது.

ரோஸ்லின் முதலில் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு சங்கிலியைக் கழற்றினாள்.