கவிழ்த்து வைத்த தட்டு

"வினோ, பெங்களூர்லேர்ந்து சிட்னி எம்மாந்தூரம்னு சொன்னே?"

"எத்தினி வாட்டிப்பா கேப்பே? ஒம்போதாயிரம் கிலோமீட்டருக்கு மேல. பிளேன்ல பதினோரு மணி நேரம் தாண்டும். இப்பவாவது சாப்புடு."

ஆர்தர் அசையவில்லை. அவர் எதிரே எவர்சில்வர் தட்டு கவிழ்ந்து கிடந்தது. நேற்று ஏர்போர்ட்டில் வழியனுப்பிவிட்டு மாரிகுப்பம் திரும்பியதும் அவரே கவிழ்த்து வைத்தது. ராத்திரி சாப்பாடும் இல்லை. இப்போது இட்லியும் ஆறிக்கொண்டிருந்தது.

"சுகர் மாத்திரை போடணும். நீ மயங்கி விழுந்தா யாரு பாக்கறது? எனக்கு ட்ரெயினுக்கு நேரமாவுது" என்றாள் மகள் வினோலியா. பெங்களூர் வேலைக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறவள்.

"எறங்கட்டும். உங்கண்ணன் எல்வின் போன் பண்ணட்டும். அப்பறம் சாப்புட்றேன்."

"அதுக்கு நீயும் கூடவே போயிருக்கலாம்!"

"சொரங்கத் தூசி தின்ன நெஞ்சு. பிளேன் ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே."

வினோலியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "தட்டைக் கவுக்கறதெல்லாம் அம்மா பண்ண வேலை. உனக்கு எதுக்கு?"

ஆர்தர் தங்கச் சுரங்கத்தில் டிபன் பாக்ஸோடு ஷிஃப்டுக்கு இறங்கிய காலம் அது. அவர் மேலே வரும்வரை மனைவி மரியகுழந்தை பச்சைத் தண்ணீரோடு சரி. ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதி, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி வந்த மனுஷன் வாசலில் நின்றால்தான் அவள் தட்டு நிமிரும். அந்தத் தொழிலாளர் லைன் வீடுகளில் பாதிப் பெண்கள் அப்படித்தான்.

"நான் அவளக் கிண்டல் பண்ணுவேன். ரெண்டு மைல் ஆழம், கேஜ்ல போனா எம்மா நேரம், இதுக்குப் போயி பட்டினியான்னு சிரிப்பேன்." அவர் கவிழ்ந்த தட்டைப் பார்த்தார். "இன்னா பொம்பள அவ!"

"அது சொரங்கம்ப்பா. இது பிளேன். ஏசி, சினிமா எல்லாம் இருக்கு."

"மேல போனா இன்னா, கீழ போனா இன்னா? கண்ணுக்கு மறைஞ்சிட்டா ரெண்டும் ஒண்ணுதான்."

போன் அடித்தது. ஆர்தர் பாய்ந்து எடுத்தார்.

"அப்பா, எல்வின். வெளிய வந்தாச்சு. இந்தா, பேசு."

"இன்னாங்க" என்றது மரியகுழந்தையின் குரல். "மருமவளுக்கு வலி வர்றதுக்குள்ள பத்திரமா வந்து சேந்துட்டேன். பிளேன்ல ரெண்டு வாட்டி சோறு குடுத்தாங்க, ஒண்ணும் விடாம சாப்ட்டேன். நீங்க சாப்டீங்களா?"

ஆர்தர் தட்டை நிமிர்த்தி வைத்தார்.

"கீழ இருந்தப்ப நானும் இப்படித்தாண்டி, டிபன் பாக்ஸ்ல ஒரு பருக்கை விட்டதில்ல."