சிவப்புப் பொத்தான்

புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போன நாலாவது வருஷம், செண்பகவல்லி அவனுடைய சட்டைகளைப் பூந்தொட்டிகளாக்கத் தொடங்கினாள். சிமெண்ட் கரைசலில் சட்டையை முக்கி, கவிழ்த்த வாளிமேல் போர்த்தி, இரண்டு நாள் காயவிட்டு நிமிர்த்தினால் மடிப்பு மடிப்பாக ஒரு தொட்டி. பொத்தான்களை மட்டும் துணியால் பளிச்சென்று துடைத்துவிடுவாள். உள்ளே மணல் கலந்த மண், அதிகம் தண்ணீர் கேட்காத ஒரு தடித்த இலைச் செடி. புதுமனை புகுவிழாவோ பிறந்தநாளோ, அவள் பரிசு அதுதான்.

"எல்லாத்தையும் தொட்டியாக்கிட்டா, அண்ணன் திரும்பி வந்து எதைக்கா போட்டுக்குவாரு?" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு ரெஜினா.

"வந்தா ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னுதான்டி கொடுக்கறேன்."

செண்பகவல்லி சிரிக்கவில்லை. வெள்ளைப் பொத்தான் கிடைக்காமல், நீலக் கட்டம் போட்ட சட்டைக்குச் சிவப்புப் பொத்தான் தைத்துவிட்டாள் என்றுதான் அவன் கடைசியாக அவள் மணிக்கட்டை முறுக்கினான். அந்தச் சட்டையோடுதான் போனான். மணிக்கட்டு இன்னும் நேராகவில்லை.

பீரோவில் மிஞ்சிய ஒரே சட்டையும் தொட்டியாகி, ரெஜினா மகள் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மத்தியானம் பந்தியில் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவள், இனி வேலையில்லாத வாளியைக் கழுவி வைக்கலாம் என்று கொல்லைப்பக்கம் போனாள்.

வாளி கவிழ்ந்திருந்தது. அதன்மேல் ஒரு சட்டை. சிமெண்ட் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நீலக் கட்டம் தெரிந்தது.

சிவப்புப் பொத்தானை மட்டும் யாரோ பளிச்சென்று துடைத்திருந்தார்கள்.