ஒன்றாம் எண்

"மாமியார்னு ஒண்ணு இருக்குண்ணா. ஆள் எப்படி?"

"எங்கம்மா." அவன் யோசிக்கவே இல்லை. "மேல எதை ஊத்தினாலும் அசைய மாட்டாங்க."

ஆய்வகத்தில் அவன் மனைவிக்குப் பக்கத்து மேசைக்காரி நோட்டைப் புரட்டினாள். மூன்று கிருமிக்கொல்லி மருந்தை ஊற்றினாலும் பாக்டீரியாவைச் சாகவிடாத பிளாஸ்மிட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பதினொன்றாம் எண். குப்பியின் மேல் எண்ணை எழுதி, பனிக்கட்டிக்குள் செருகினாள்.

மாமியார் பிழைத்தாள்.

காலையில் ஆய்வகத்தின் பழைய ஃப்ரீசர் மண்டையைப் போட்டிருந்தது. மாற்று ஃப்ரீசரில் இடம் கொஞ்சம். ஐந்து மணிக்குள் இன்னதென்று சொல்லத் தெரிந்த குப்பிக்குத்தான் அங்கே இடம். மற்றதெல்லாம் மஞ்சள் பைக்கு. அங்கிருந்து ஆட்டோகிளேவின் நீராவியில் வெந்து குப்பைக்கு.

அவன் மனைவியின் பெட்டியில் பதினாறு குப்பிகள். நோட்டில் எண்ணும் குணமும் எழுதியிருந்தாள். சுண்டுவிரல் நுனியளவு மூடியில் அவ்வளவுக்கும் இடமேது? அதில் உறவுமுறையை மட்டும் எழுதினாள். எது எந்த எண் என்பதை மனசில் வைத்துக்கொண்டாள்.

அந்த மனசு போய் ஐந்து மாதம்.

சோதித்துப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். மூன்று வாரமாகும். இருந்ததோ மூன்று மணி நேரம். பக்கத்து மேசைக்காரியின் நாலு வருட ஆய்வும் இதே பெட்டிக்குள்தான். வேறு வழி தெரியாமல்தான் லிஃப்ட் கம்பெனியில் இருந்தவனை அரைநாள் விடுப்பில் வரவழைத்திருந்தாள்.

பிளாஸ்மிட் என்றால் பாக்டீரியாவுக்குள் இருக்கும் குட்டி வளையம் என்று, சாப்பாட்டுத் தட்டின் விளிம்பை விரலால் சுற்றிக் காட்டி மனைவி சொல்லியிருக்கிறாள். வேண்டியதை அதில் ஒட்டி உள்ளே விட்டால் பாக்டீரியா நமக்காக வேலை செய்யும். அதே வளையம்தான் மருந்துக்குச் சாகாத வித்தையை ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்துபோகும்.

அந்த இரண்டாவது வேலையை அவன் பிறகு மருத்துவமனையில் பார்த்தான். அவளுக்கு நான்காவது மருந்தும் கேட்கவில்லை.

"நாத்தனார்?"

"எங்க அக்கா. காதுல ஒண்ணு விழுந்தா போதும், அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டுத்தான் தண்ணியே குடிக்கும்."

தானாகவே அடுத்த பாக்டீரியாவுக்குத் தாவுவது. ஏழாம் எண்.

கொழுந்தன், ஊட்டம் எல்லாம் உறிஞ்சிவிட்டுச் சொன்ன புரதத்தை மட்டும் செய்யாமல் இருப்பது. பெரிய மாமனார், உருவம் பெருத்துப்போய் எந்தச் செல்லுக்குள்ளும் லேசில் நுழையாதது. ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிர்வது, சித்தி. கல்யாண வீடோ துக்க வீடோ, சித்தி பளிச்சென்று பச்சையில்தான் வருவாள். ஐந்து மாதம் முன்பும் அப்படித்தான் வந்தாள்.

அதைச் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அவன் தடுக்கவில்லை.

ஆனால் ஒவ்வொரு குப்பியை எடுக்கும்போதும் அவள் படிப்பதற்குள் இவன் எட்டிப் பார்த்தான். குடும்பமே நிற்கும் புகைப்படத்தில் தன் முகத்தைத் தேடுகிறவன் மாதிரி.

கடைசி வரிசை வந்தது. அத்தை வந்தாள். ஓரகத்தி வந்தாள். தாத்தா முறையில் யாரோ ஒருவர்கூட வந்தார்.

"என்னை மட்டும் வெக்கலையா அவ?"

கேட்ட பிறகு கேட்டிருக்க வேண்டாமே என்றிருந்தது.

"வெச்சிருந்தா, 'ஒரு தடவை சொன்னா காதுல ஏறாது'ன்னு எழுதியிருப்பாங்க. விடுங்கண்ணா."

பதினாறாவது குப்பியின் மூடியில் எதுவுமே இல்லை. பேரில்லாத குப்பி. அவனே அதை எடுத்து மஞ்சள் பையில் போட்டான்.

நாலு ஐம்பது.

பக்கத்து மேசைக்காரி நோட்டில் குறித்த எண்களை மேலிருந்து சரிபார்த்தாள். விரல் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"ஒண்ணாம் நம்பர் எங்கண்ணா?"

அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. ஒன்றாம் எண் வெறும் வளையம். மற்ற பதினைந்தும் அதன் மேல் ஒட்டிக் கட்டியவை. மாமியார் தீர்ந்தாலும் நாத்தனார் தீர்ந்தாலும் இதிலிருந்துதான் மறுபடி கட்ட வேண்டும். இது போனால், இன்றோ நாளையோ எல்லாம் போன மாதிரிதான்.

அவள் மஞ்சள் பைக்குள் கையை விட்டாள். குப்பியை எடுத்து, மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தாள்.

"எழுதாம இல்லண்ணா. தேஞ்சிருக்கு."

பெருமூச்சு விட்டாள்.

"தெனம் எடுத்தா இப்படித்தான் ஆகும்."

மனைவியின் கட்டைவிரல் பட்டுப் பட்டு மூடியின் நடுவே மை முழுக்கப் போயிருந்தது. ஓரத்தில் நீலமாக ஒரு கீறல் மட்டும் மிச்சம். அது எந்த எழுத்தின் வால் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதுவரை ஆளைச் சொல்லி எண்ணைத் தேடினார்கள். இப்போது எண் இருந்தது, ஆள்தான் தெரியவில்லை. அவள் நோட்டிலிருந்த குணத்தை வாசித்தாள்.

"தானாக எதுவும் செய்யாது. எதை ஒட்டினாலும் தாங்கும். மருந்து ஊற்றிய தட்டில், இது உள்ளே இருக்கிற செல் மட்டுமே பிழைக்கும். தீர விடக் கூடாது."

நிமிர்ந்தாள்.

"உங்க வீட்ல இப்படி யாருண்ணா?"

பதினைந்து பேருக்கும் பட்டென்று பதில் சொன்னவன், பேனாவுக்குக் கையை நீட்டினான்.

மூடியில் விரல் படாமல் குப்பியைப் பிடித்து, பக்கவாட்டில் 1 என்று எழுதினான்.